ரதத்துக்காக வெட்டிய மேடு

நாங்கள் குடியிருக்கிற தாமானுக்கு முன்னால் ரோட்டில் இரண்டு மேடு இருந்தது. வண்டி வேகத்தைக் குறைக்கப் போட்டது. போங்கோல் என்போம். போட்டதும் நான்தான். வெட்டியதும் நான்தான்.

போட்டதில் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பெனி அனுப்பியது, போட்டோம். வெட்டியதைத்தான் எழுத வேண்டும். என் மனைவி தினமும் கடக்கிற இடம் அது.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு ரப்பர் பாலுக்குக் கித்தா மரம் வெட்டினேன். தோட்டத்தை விற்றதும் தார் வேலைக்கு வந்தேன். முப்பது வருடம் இருக்கும். தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போ வரைக்கும் நான் கொதிக்கிற தாரோடு நிற்காத ரோடு குறைவு.

இந்த ரோடு முன்பு தோட்டத்து ரோடு. செம்மண். மரத்துக்கு மரம் வளைந்து போகும். தாமான் வந்தபோது அதை நேராக்கினார்கள். அந்த வேலையிலும் நான் இருந்தேன். மண்டோர், எங்கள் மேஸ்திரி, நூல் கட்டினார். நூல் போன வழியில் தார் போனது. நாலு வண்டி ஒன்றாகப் போகலாம், அவ்வளவு அகலம். முடிந்த அன்று தாமான் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். நல்ல ரோடு என்றால் நேராக, அகலமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நேரான ரோடு என்ன செய்யும் என்று ஒரு மாதத்தில் தெரிந்தது. ஓரத்தில் வேகப் பலகை உண்டு. ஓட்டுகிறவன் பலகையைப் பார்ப்பதில்லை. ரோட்டைத்தான் பார்க்கிறான். ரோடு அவனைப் போ போ என்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து பேக்டரிப் பக்கம் போகிற வண்டியெல்லாம் இந்த வழியே வர ஆரம்பித்தது. இரண்டு வருடம் மனு கொடுத்தோம். இரண்டு மேடு கிடைத்தது.

என் மனைவி பதினெட்டு வருடம் கையுறை பேக்டரியில் நின்றாள். மிஷின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. வலது காதில் பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தேன். காற்று மட்டும்தான் கேட்கிறது என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். இப்போது எதிர்ப் பக்கத்தில் பாய் கடையில் சமையல்கட்டு வேலை. காய் வெட்டுவாள், வெங்காயம் உரிப்பாள். காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். மூன்றரைக்கு வருவாள். இரண்டு தடவை அந்த ரோடு. விளக்கு இருக்கிற சந்தி அரை மைல் தள்ளி. அவள் முட்டிக்கு அது ஆகாது.

வண்டி வருவது அவளுக்குக் கேட்காது. அதனால் முகத்தைப் பார்த்துக் கடப்பாள். ஓரத்தில் நிற்பாள். வண்டி மேட்டுக்கு வந்து மெதுவாகும். கண்ணாடிக்கு உள்ளே முகம் தெரியும். அந்த முகம் இவளைப் பார்த்துவிட்டதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டால் இறங்குவாள். போனில் இருக்கிற முகம் என்றால் இறங்கமாட்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது அன்றைக்குப் பார்த்த முகத்தையெல்லாம் சொல்வாள். வெள்ளைக் காரில் ஒருத்தி அழுதுகொண்டே போனாள். பள்ளி வேன்காரன் முடியை வெட்டியிருக்கிறான். சீனக் கிழவர் ஒருவர் ஸ்டியரிங்மேல் பாவ் வைத்துத் தின்கிறார். காது போனவளுக்கு இதுதான் ஊர்ச் செய்தி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பதில் சொல்லத் தேவையில்லை.

போன வருடம் ஆடித் திருவிழாவுக்குக் கோயில் கமிட்டி ரதம் பேசியது. அதுவரைக்கும் அம்மன் லோரியில்தான் ஊர்வலம் போனாள். புந்தோங் பக்கம் ரதம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு லோரி வெட்கமாகிவிட்டது. இரண்டு வாரம் முன்னால் ரதக்காரர் பாதை பார்க்க வந்தார். மேட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அளவு நாடாவைப் பிடித்தார். எழுந்து கால்சட்டையைத் தட்டினார்.

“ஏறாதுண்ணே. அடி தட்டும்.”

பலகை போட்டு ஏற்றிவிடலாம் என்றார் கோயில் தலைவர். அவர் முன்பு லோரி ஓட்டியவர். எதையும் ஏற்றிவிடலாம் என்று நினைப்பார்.

ரதக்காரர் மேலே கையைக் காட்டினார். கரண்டுக் கம்பி. மேட்டில் ரதம் ஒரு பக்கம் சாய்ந்தால் கலசம் கம்பியில் போய்த் தொடும்.

“ஒரு எடத்துல சாஞ்சிருச்சு. அன்னிக்கி நான் சாமியக் கும்பிடல. மெயின் சுவிட்சத்தான் கும்பிட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

தலைவர் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

“நீ போட்டதுதான தம்பி. நீயே வெட்டு. திருவிழா முடிஞ்சதும் நீயே போட்ரு. சாமி போற பாதைலா.”

நகர மன்றத்தில் கேட்க வேண்டும் என்றேன். கேட்டாயிற்று, வெட்டிக்கொள்ளுங்கள், பிறகு நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று அதிகாரி சொல்லிவிட்டார் என்றார். காகிதம் இருக்கிறதா என்றேன். வாயால் சொன்னார் என்றார்.

என் மனைவி கதவுப் பக்கம் நின்று அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவள் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள்.

“அம்மனுக்குத்தானே. வெட்டுங்க” என்றாள். அவள் பேச்சு எப்போதும் கொஞ்சம் சத்தம். தலைவர் கும்பிட்டார்.

எனக்கு ஒன்று தெரியும். வெட்டுவது சுலபம். போடுவது சுலபமில்லை. தார் வேலை செய்கிற எவனுக்கும் தெரியும். அதை அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோயில் காரியம் என்றால் எங்கள் ஆட்களுக்கு வாய் திறக்காது. எனக்கும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டினோம். மண்டோர் உடைக்கிற மிஷினைக் கொடுத்தார். இரண்டு வருடம் மனு கொடுத்து வந்தது பசியாறுகிற நேரத்துக்குள் போய்விட்டது. உடைத்த கட்டியை வாய்க்கால் பக்கம் ஒதுக்கினோம். வெட்டின இடத்தைச் சமமாக்கி உருளை விட்டேன். கையை வைத்துப் பார்த்தேன். மேடு இருந்த அடையாளமே தெரியாத அளவுக்கு நன்றாகச் செய்திருந்தேன்.

திருவிழா வாரம் நல்லபடியாகத்தான் போனது. அலங்காரத்துக்கு வாழை மரம் வந்தது. தலைவர் எங்கிருந்தோ நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒரு லோரி கொண்டுவந்தார். டிரம்முக்குள் மண் போட்டு வாழையை நட்டோம். ஓரத்தில் வாய்க்கால். வைக்க இடம் இல்லை. அதனால் தார்மேலேயே இரண்டு பக்கமும் வைத்தோம். குறுக்கே தோரணம் கட்டினோம். நாலு வண்டி போகிற ரோடு இரண்டு வண்டிக்குத்தான் மிச்சம் இருந்தது.

மேடு இல்லை. போலீஸ் இல்லை. இருந்தாலும் வண்டியெல்லாம் மெதுவாகப் போனது. மேட்டில் ஒரு தடவை பிரேக் போட்டு, தாண்டியதும் மறுபடியும் மிதிப்பார்கள். இது அப்படி இல்லை. வாழை ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் மெதுவாகவே போனார்கள். அது என் கண்ணில் பட்டது. மண்டையில் ஏறவில்லை.

அவள்தான் சொன்னாள். “இந்த வாரம் எல்லா மூஞ்சியும் தெரியுது.”

ரதம் போனது. ஆடாமல் போனது. அவள் பால்குடத்தோடு பின்னால் போனாள்.

மறுநாள் வாழையை எடுத்தோம். மண்ணைக் கொட்டினோம். தலைவர் டிரம்மைத் தன் வீட்டுக்குப் பின்னால் அடுக்கினார். ரோடு பழையபடி ஆனது. பழையபடிகூட இல்லை. மேடும் இல்லை.

மண்டோரிடம் பிரிமிக்ஸ் கேட்டேன். சுடச்சுடக் கலந்து லோரியில் வருகிற தார்க்கலவை அது. இரண்டு மேட்டுக்கு வேண்டியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு ஆலைக்காரன் லோரி அனுப்பமாட்டான். பக்கத்தில் ஏதாவது வேலை வரும்போது மிச்சத்தைக் கொண்டுவந்து போடலாம் என்றார் மண்டோர். எப்போது என்றேன். காம்பார் ரோட்டு வேலை முடியட்டும்ண்ணே என்றார். தலைவர் மன்றத்துக்குப் போய்வந்தார். பார்க்கிறோம் என்றார்களாம். வாயால் சொன்னது வாயோடு போனது.

முதல் இரண்டு மூன்று நாள் பயம் இல்லை. தினம் வருகிற வண்டிக்காரன் மேடு இருந்த இடத்தில் பிரேக் போட்டான். இல்லாத மேட்டுக்கு நிறுத்தி, குலுங்கப் போகிறோம் என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி இறங்கினான். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அடுத்த வாரம் பாதிப் பேர் பிரேக் போட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் யாரும் போடவில்லை.

அவள் ஓரத்தில் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. நான் ஆறரைக்கெல்லாம் வேலைக்குக் கிளம்புகிறவன். மண்டோரிடம் சொல்லி ஏழேகாலுக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

“காலைல நீங்க பிடிப்பீங்க. மூன்றரைக்கு யாரு பிடிக்கிறா?”

 வேலையை விடு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

சாயங்காலத் தேத்தண்ணியில் பேச்சு நின்றது. நானாகக் கேட்டேன், இன்றைக்கு யாரைப் பார்த்தாய் என்று.

“யாரும் தெரியல. கண்ணாடிதான் வருது. வெள்ளையா.”

வேகமாக வருகிற வண்டியின் கண்ணாடியில் வானம்தான் தெரியும். ஆள் தெரியாது. எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மறுநாள் நானும் நின்று பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஒரு முகம்கூட இல்லை.

மேடு எப்போது வரும் என்று தாமானில் யாரும் அவசரப்படவில்லை. சாமி போன ரோடு, ஒன்றும் ஆகாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அவர் வீட்டில் கார் இருக்கிறது. ரோட்டைக் கடக்கிற வேலை இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வேன் ஓட்டி வந்தேன். காலையிலிருந்து வெயில். குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ரோடு காலி. எதற்கோ வேக முள்ளைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டி நின்றது. எங்கள் தாமான் வாசல். அவள் நிற்கிற இடம். நான் மிதித்ததாக எனக்கு நினைவே இல்லை. ரோடு இழுத்தது, கால் போனது. ஓரமாக நிறுத்தினேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் காலை தூறல். அவள் குடை எடுத்துக்கொண்டாள். கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது. நான் கேட்டில் நின்றேன். அவள் ஓரத்தில் நின்றாள். ஏழு வண்டி போனதா எட்டா, எண்ணிக்கொண்டே வந்து விட்டுவிட்டேன். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு காலை இறக்கினாள். எடுத்தாள். மறுபடியும் இறக்கினாள். இந்த மாதிரி அவள் நின்று நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் மலைப்பாம்பைத் தாண்டிப் போனவள்.

வலது பக்கமிருந்து ஒரு சிவப்புக் கார் வந்தது. அது மெதுவாகியது. நின்றேவிட்டது. உள்ளே ஒரு மலாய்ப் பெண். போங்கள் என்று கையைக் காட்டினாள். நல்ல பெண். என் மனைவிக்கு முகம் தெரிந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு முகம். அவள் இறங்கினாள்.

சிவப்புக் காருக்குப் பின்னால் ஒரு சாம்பல் கார். அவன் முன்னால் நிற்கிற வண்டியைப் பார்த்தான். ஏன் நிற்கிறது என்று பார்க்கவில்லை. பக்கத்தில் இவ்வளவு அகலம் சும்மா கிடக்கிறது. ஸ்டியரிங்கை ஒடித்தான். முந்திக்கொண்டு வந்தான்.

நான் பார்த்தேன். அவள் பார்க்க முடியாது. சிவப்புக் கார் மறைத்தது. அவள் அதைத் தாண்டி வெளியே வரப்போகிறாள்.

நான் கத்தவில்லை. வாயைத் திறந்தேன். கத்தி என்ன ஆகப்போகிறது. அவளுக்குக் கேட்காது. நான் தார் போட்ட ரோட்டில், அவளுக்கும் எனக்கும் நடுவில் இருபது அடி. ஒன்றும் செய்ய முடியவில்லை.

குடைதான் முதலில் வெளியே போனது. அவள் குடையைச் சாய்த்துப் பிடிப்பாள். அவளுக்கு ஒரு முழம் முன்னால் குடை. காரின் பக்கக் கண்ணாடி குடையை அடித்தது. குடை பிய்த்துக்கொண்டு பறந்தது. அவள் அப்படியே நின்றாள். கை மட்டும் நீட்டியபடி இருந்தது. குடைப்பிடி அந்தக் கையில் இருந்தது.

நான் ஓடினேன். கையைப் பிடித்தேன். விரலெல்லாம் அசைந்தது. சிவப்புக் காரில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாம்பல் கார் தூரத்தில் போய் நின்றது. ஒருவன் இறங்கி வந்தான். முப்பது வயது இருக்கும். பேக்டரிச் சட்டை. தமிழன்தான். முகம் வெளுத்திருந்தது. அடிக்க வேண்டும் என்று கை போனது.

“ரோடு காலியா இருந்துச்சுண்ணே” என்றான். “காலியாதான் தெரிஞ்சிச்சு.”

கை நின்றுவிட்டது. நான் எண்பதில் போனேன். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடைப்பிடியை என் கையில் கொடுத்துவிட்டு மீதிப் பாதியைக் கடந்தாள். பாய் கடைக்குள் போனாள். அன்றைக்கும் வெங்காயம் உரித்தாள். மூன்றரைக்கு நான் போய் நின்றேன். அன்று கையைப் பிடிக்க விட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேத்தண்ணி குடிக்காமல் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“டிரம் வேணும்ண்ணே.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குடை விஷயம் அதற்குள் தாமான் முழுக்கப் போயிருந்தது. 

“வெட்டச் சொன்னது நான்தான் தம்பி.”

“வெட்டினது நான்.”

இருவரும் பின்னால் போய் டிரம்மை இறக்கினோம். மண் போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். மண் நிரம்பிய டிரம்மில் மோட்டார் சைக்கிள்காரன் மோதினால் எழுந்திருக்கமாட்டான். ஒரு சாண் தண்ணீர் போதும். காற்றுக்கு நகராது, மோதினால் உருண்டுவிடும். மின்னுகிற நாடா கம்பெனியில் துண்டு துண்டாகக் கிடக்கும். மண்டோரிடம் கேட்டு வாங்கி ஒட்டினேன். ரோட்டுச் சுண்ணாம்பும் கேட்டேன். கோடு போடுகிற மாவு, காய்ச்சி ஊற்றுவது. ரோடு ஒடுங்கித் தெரிய ஓரக் கோட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டும் என்றேன். மண்டோர் என்னைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. சமான் வந்தா உங்க பேருக்கு.”

அபராதம் நான் கட்டுகிறேன், சரி என்றேன். அடுப்பையும் வண்டியையும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தார். கூட வந்து அவரே கோடு போட்டார். தெரியாதவர் மாதிரி தலையில் துண்டு கட்டிக்கொண்டார்.

டிரம்மை எப்படி வைப்பது என்று நான் வெகுநேரம் யோசித்தேன். திருவிழாவில் வைத்தது போல் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வைத்தால் நடுவில் நேர்ரோடு அப்படியே தெரியும். ஒரு பக்கம் மூன்று, கொஞ்சம் தள்ளி அடுத்த பக்கம் மூன்று என்று மாற்றி வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ரோடு வளைகிற மாதிரி தெரிந்தது. பழைய தோட்டத்து ரோடு கித்தா மரத்துக்கு வளைந்த மாதிரி. நூல் பிடித்து நேராக்கியவனே வளைத்துக்கொண்டிருந்தேன். அவள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் வைக்கவில்லை. அவளை மறைக்கக் கூடாது.

தலைவர் வேப்பிலை கொண்டுவந்து ஒவ்வொரு டிரம்மிலும் கட்டினார்.

“அம்மன் டிரம்னு இருக்கட்டும். இல்லாட்டி தண்ணி பிடிக்க எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்.”

திங்கட்கிழமை காலை. அவளிடம் புதுக் குடை. மழை இல்லை, இருந்தாலும் கையில் வைத்திருந்தாள். நான் கேட்டில் நின்றேன். தலைவர் எதிர்ப் பக்கம் பாய் கடை வாசலில் பேப்பர் வைத்துக்கொண்டு நின்றார். படிக்கவில்லை. பாயும் சட்டிக் கரண்டியோடு வெளியே வந்திருந்தார்.

வெள்ளை வேன் வந்தது. முதல் டிரம்முக்கு முன்னாலேயே மூக்கு தாழ்ந்தது. அவள் போகவிட்டாள். இரண்டு மோட்டார். போகவிட்டாள். ஒரு கார். அதையும் விட்டாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே விட்டாள்.  இறங்கமாட்டாள், இனி எப்போதும் இறங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

மண் லோரி ஒன்று வந்தது. பெரியது. டிரம்முக்கு நடுவில் ஊர்ந்தது. அதன் பின்னால் இன்னொரு கார். முந்த இடம் இல்லை. பின்னாலேயே வந்தது. அவள் தலையைத் தூக்கி லோரிக்காரனைப் பார்த்தாள். லோரி நின்றது. அவள் இறங்கினாள். லோரியின் மூக்கைத் தாண்டும் முன்பு நின்றாள். எட்டிப் பார்த்தாள். முன்பு அப்படிப் பார்க்கமாட்டாள். நடுக்கோட்டில் இடது பக்கம் பார்த்தாள். பேக்டரி பஸ். அதுவும் நின்றது. அவள் அந்தப் பக்கம் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பாய் கரண்டியை ஆட்டினார். தலைவர் பேப்பரைத் திருப்பிப் பிடித்தார். நான் வேலைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் தேத்தண்ணி ஆற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பாதிக் கோப்பை குடித்தாள்.

“லோரிக்காரன் வாயில பல்குச்சி” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

“பஸ்ஸுக்காரன் மீசைய எடுத்திட்டான். மேலொதடு மட்டும் வெள்ளையா இருக்கு. பொண்டாட்டி சொல்லியிருப்பா.”

மன்றத்து ஆள் ஒரு மாதம் கழித்து வந்தார். டிரம்மைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார். இது விதிப்படி இல்லை என்றார். சமான் புத்தகத்தை எடுக்கவில்லை. மேடு வந்த பிறகு எடுத்துவிடுங்கள் என்றார். மேடு வந்தது. காம்பார் மிச்சத்தில் நாங்களே போட்டோம். டிரம்மை யாரும் எடுக்கவில்லை. இரண்டு தடவை ராத்திரி எவனோ இடித்திருக்கிறான். காலையில் உருண்டு கிடந்தது. தண்ணீர் ஊற்றி நிமிர்த்தி வைத்தேன்.

போன வாரம் தலைவர் வந்தார். நாற்காலி போட்டேன். இந்தத் தடவை உட்கார்ந்தார். ஆடி வருகிறது, அதே ரதம்தான் என்றார். மேட்டை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள். அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

“மேட்ட வெட்டிக்குங்க. டிரம்ல கை வைக்காதீங்க.”

தலைவர் எழுந்து ரோட்டுக்குப் போனார். நானும் போனேன். அளவு நாடாவின் ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியை நான் பிடித்தேன். வண்டிகள் எங்களுக்காக நின்றன. எல்லா இடத்திலும் அளந்தோம். ரதம் எவ்வளவு என்று அவர் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். பார்த்தார்.

அவள் கேட்டிலிருந்தே என்ன என்று கையை அசைத்துக் கேட்டாள். ரதம் போகும் என்று ரோட்டிலிருந்து சொன்னால் அவளுக்குக் கேட்காது. இரண்டு கையையும் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரு சாண் என்று விரலை விரித்துக் காட்டினேன்.